லினக்ஸில் எஃபெக்ட் ஓடவில்லையா? கிராபிக்ஸ் ட்ரைவர் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னி முழுக்க, பழைய டெஸ்க்டொப்பிலும் வெளிநாட்டுச் சொந்தங்கள் விட்டுப்போன லப்டொப்பிலும் லினக்ஸ் போட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அநேகமானோர் பாவிப்பது லினக்ஸ் மின்ட், இல்லையென்றால் உபுண்டு. அதனால் அந்த இரண்டையும் வைத்தே சொல்கிறேன். ட்ரைவர் என்றால் கிராபிக்ஸ் சிப்பை ஓட்டும் மென்பொருள். கட்டளைகளைப் போனில் சொல்கிற மாதிரித் தமிழில் எழுத்துக் கூட்டியிருக்கிறேன், நீங்கள் டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லுவேன்.

அண்ணை, எஃபெக்ட் எல்லாம் போட்டுவிட்டேன், விண்டோவை இழுத்தால் அது ஆறுதலாகப் பின்னால் வருகிறது. எந்த ட்ரைவர் போட வேண்டும்?

இப்போதைக்கு ஒன்றும் போட வேண்டாம். முதலில் திரையை யார் வரைகிறார் என்று பாருங்கள்.

விண்டோவின் நிழல், மங்கல், திறந்து மூடும் அசைவு எல்லாவற்றையும் கிராபிக்ஸ் சிப்தான் வரைய வேண்டும். அது ஏதோ ஒரு காரணத்தால் வேலைக்கு வராவிட்டால் லினக்ஸ் அநேகமாகச் சத்தம் போடாது. மெசா என்ற கிராபிக்ஸ் நூலகத்துக்குள் எல்எல்விஎம்பைப் என்று ஒன்று இருக்கிறது, அது அந்த வேலையை எடுத்து ப்ரொசெசரைக் கொண்டே வரைந்துவிடும். படம் வரும், மவுஸ் ஓடும், எல்லாம் சரி போலத்தான் இருக்கும், ஆனால் ஒரு விண்டோவை இழுத்தால் போதும், ப்ரொசெசர் நூறு வீதத்துக்கு ஏறி மின்விசிறி இரையத் தொடங்கும். ட்ரைவர் பிரச்சினை என்று என்னிடம் வருவதில் பெரும்பகுதி இதுதான், எஃபெக்ட் செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் இது திருந்தாது.

மின்டில் டெர்மினலைத் திறந்து ஐ-என்-எக்ஸ்-ஐ, ஒரு இடைவெளி, ஒரு கழித்தல் குறி, ஒட்டிப் பெரிய ஜி என்று அடியுங்கள். ரெண்டரர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று சிப்பின் பெயர் இருந்தால் ட்ரைவர் ஏறியிருக்கிறது, பிரச்சினை வேறெங்கோ. எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள். உபுண்டுவில் டெர்மினலே வேண்டாம், செட்டிங்ஸில் கணினியைப் பற்றிய பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற வரியில் அதே விபரம் இருக்கும். மின்டின் சினமன் டெஸ்க்டொப் கொஞ்சம் நேர்மையானது, 'வன்பொருள் முடுக்கம் இல்லாமல் ஓடுகிறேன்' என்று திரையின் மூலையில் ஒரு அறிவிப்புப் போடும். அதைத்தான் எல்லோரும் வாசிக்காமல் மூடிவிடுவார்கள்.

எல்எல்விஎம்பைப் என்றுதான் வருகிறது. இனி?

முதல் சந்தேகம் நோமோட்செட் (என்-ஓ-எம்-ஓ-டி-ஈ-எஸ்-ஈ-டி), கிராபிக்ஸ் ட்ரைவரை எழுப்பாதே என்று தொடங்கும்போதே லினக்ஸுக்குச் சொல்லும் ஒரு சொல். லினக்ஸ் நிறுவும்போது திரை கறுத்தால் எல்லோரும் சொல்லித்தரும் வைத்தியம் இது. மின்ட் பென் ட்ரைவில் இருக்கும் கொம்பேட்டிபிலிட்டி மோட் செய்வதும் இதையேதான். நிறுவி முடிக்கும்வரை நல்ல உதவி. பிறகும் அது கிரப் (லினக்ஸைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) கோப்பில் நிரந்தரமாக இருந்தால் இன்டெல், ஏஎம்டி, நூவோ (என்விடியா கார்டுக்கானது) என்று எந்தத் திறந்த ட்ரைவரும் சிப்பைக் கையில் எடுக்காது, கணினி காலம் முழுக்க ப்ரொசெசரைக் கொண்டே வரையும். திரையின் ரெசொலூஷனும் ஒன்றிலேயே நின்றுவிடும், அதை வைத்தே சந்தேகப்படலாம்.

இருக்கிறதா என்று பார்க்க: சி-ஏ-டி, இடைவெளி, சாய்கோடு, பி-ஆர்-ஓ-சி, சாய்கோடு, சி-எம்-டி-எல்-ஐ-என்-ஈ. வருகிற நீண்ட வரியில் நோமோட்செட் இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஈ-டி-சி கோப்புறைக்குள் டிஃபோல்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பு. சூடோவுடன் (நிர்வாகி அனுமதியோடு) நானோ என்ற எழுத்துத் திருத்தியில் திறந்து அந்தச் சொல்லை மட்டும் அழித்து, சேமித்து, சூடோ அப்டேட்-கிரப் அடித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். மேற்கோள் குறிகளை அழித்துவிடாதீர்கள்.

அதை எடுத்ததும் திரை மறுபடி கறுத்தால், நோமோட்செட் மறைத்து வைத்திருந்த உண்மையான ட்ரைவர் பிரச்சினை வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். கிரப் பட்டியலில் ஈ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் அந்தச் சொல்லை எழுதி, கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் அது வேலை செய்யும். உள்ளே வந்து ட்ரைவரைப் பாருங்கள்.

நோமோட்செட் இல்லை. ஆனாலும் எல்எல்விஎம்பைப்தான்.

எல்-எஸ்-பி-சி-ஐ, இடைவெளி, கழித்தல் கே என்று அடித்து விஜிஏ என்ற வரியைத் தேடுங்கள். அதற்குக் கீழே 'கெர்னல் ட்ரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். இன்டெலுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ரேடியன் அல்லது ஏஎம்டி-ஜிபியூ, என்விடியாவுக்கு நூவோ அல்லது என்விடியா. அந்த வரியே இல்லையென்றால் ட்ரைவர் ஏறவில்லை.

ஏஎம்டி கார்டில் இப்படி என்றால் ஃபெர்ம்வெயர் (சிப்புக்குள் ஏற்றும் சின்ன மென்பொருள்) கோப்புகள் இல்லாமல் இருக்கலாம். உபுண்டுவிலும் மின்டிலும் அவை கூடவே வரும். டெபியனில் 2023 இல் வந்த 12 ஆம் பதிப்பிலிருந்துதான் நிறுவும் கோப்பிலேயே சேர்த்தார்கள், அதற்கு முந்தியதைப் போட்டவர்கள் தனியாகப் போட வேண்டும். கார்ட் புதியது, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பழையது என்றாலும் இதே கதைதான், அப்போது கெர்னலைப் புதுப்பிப்பதைத் தவிர வழியில்லை.

புதுக் கிராபிக்ஸ் கார்ட் வாங்கிப் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

மொனிட்டர் வயரைக் கழற்றிக் கார்டில் செருகினீர்களா? மதர்போர்டில் இருக்கும் விஜிஏ துளையிலேயே வயரை விட்டுவிட்டுக் கார்டைக் குறை சொல்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

என்விடியா கார்ட். அவர்களின் தளத்திலிருந்து ட்ரைவரை இறக்கிப் போடலாமா?

வேண்டாம். விண்டோஸில் அப்படித்தான் பழக்கம், தெரியும். லினக்ஸில் அந்தக் கோப்பைப் போட்டால் அது கணினியின் பொதி முகாமைத்துவத்துக்கு (நிறுவிய மென்பொருள்களைக் கணக்கு வைப்பது) தெரியாமல் தன் கோப்புகளை ஆங்காங்கே வைத்துவிடும். அடுத்த முறை கெர்னல் புதுப்பித்ததும் கறுப்புத் திரை. யாராவது உங்களுக்கு ஏற்கெனவே அப்படிப் போட்டுத் தந்திருந்தால் சூடோ, என்விடியா-அன்இன்ஸ்டோல் என்ற கட்டளை அதை எடுக்கும். எடுத்த பிறகும் ஈ-டி-சிக்குள் மொட்ப்ரோப், புள்ளி, டி என்ற கோப்புறையில் நூவோவைத் தடுக்கும் ஒரு கோப்பு மிஞ்சி நிற்கலாம், அதையும் பாருங்கள், இல்லாவிட்டால் என்விடியாவும் இல்லை நூவோவும் இல்லை என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

மின்டில் ட்ரைவர் மேனேஜர், உபுண்டுவில் அடிஷனல் ட்ரைவர்ஸ். அதில் பரிந்துரைக்கப்பட்டது என்று காட்டுவதைத் தெரிவு செய்து போடுங்கள், போதும்.

ட்ரைவர் மேனேஜரில் என் கார்டுக்கு ஒன்றுமே காட்டவில்லையே?

கார்ட் பழையதாக இருக்கும். என்விடியா தன் பழைய கார்டுகளை வரிசை வரிசையாகக் கைவிட்டுக்கொண்டு வருகிறது. ஜிஃபோர்ஸ் 8, 9, 200 வரிசைகளும் கடைகளில் இன்னும் பழையதாக விற்கும் 210 உம் 340 என்ற ட்ரைவரோடு நின்றுவிட்டன. 400, 500 வரிசைகளுக்கும் ஜிடி 610க்கும் 390, அதற்கான ஆதரவு 2022 முடிவோடு போனது. 600, 700 வரிசைகளில் கெப்ளர் சிப் உள்ளவற்றுக்கு 470, அதுவும் 2024 இல் முடிந்தது. அடுத்து மேக்ஸ்வெல், பாஸ்கல், அதாவது ஜிடிஎக்ஸ் 750 தொடக்கம் 1050, 1060 வரையானவை. அவற்றுக்குக் கடைசி 580.

இதில் மாட்டுப்படுவது ஜிடி 730. ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்களை விற்றிருக்கிறார்கள். எல்-எஸ்-பி-சி-ஐ அடித்தால் பெயருக்கு முன்னால் ஜிஎஃப் 108 என்று இருந்தால் அது ஃபெர்மி, 390 தான் சரிவரும். ஜிகே 208 என்று இருந்தால் கெப்ளர், 470. பெட்டியைப் பார்த்துத் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. நண்பனின் 730க்கு வேலை செய்த ட்ரைவர் உங்களுடைய 730க்கு வேலை செய்யாததற்கு இதுதான் காரணம், நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை.

340, 390 தேவைப்படும் கார்ட் என்றால் என் கருத்து: என்விடியா ட்ரைவரைத் தேடி அலையாதீர்கள். புதிய உபுண்டு, மின்ட் பதிப்புகளில் அவை இல்லை, எங்கோ ஒருவர் ஒட்டுப்போட்டு வைத்திருப்பதை இறக்கினால் அடுத்த கெர்னலில் மறுபடி அலைய வேண்டும். நூவோவிலேயே இருங்கள்.

நூவோவில் எஃபெக்ட் ஓடுமா?

அந்தப் பழைய கார்டுகளில் ஓடும். சினமனின் சாதாரண அசைவுகள், நிழல்கள், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டொப்பின் கம்பொசிட்டர் (விண்டோக்களைச் சேர்த்துத் திரையில் வரைவது) எல்லாம் தாராளமாக. சிக்கல் நடுத்தர வயதுக் கார்டுகளில்தான். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளில் சிப்பின் வேகத்தைக் கூட்ட என்விடியா கையொப்பமிட்ட ஃபெர்ம்வெயர் வேண்டும், அது நூவோவுக்குக் கிடைக்கவில்லை, ஆகையால் கார்ட் தொடங்கிய குறைந்த வேகத்திலேயே நிற்கும். அவற்றுக்கு 580 ஐயே போடுங்கள். அதற்குப் பிறகு வந்த 1650, 2060 போன்றவற்றுக்கு என்விடியாவே 2022 இல் கெர்னல் பகுதியைத் திறந்து விட்டது, ட்ரைவர் மேனேஜரில் பெயரின் முடிவில் ஓப்பன் என்று இருப்பது அதுதான்.

ட்ரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலத் திரை வந்தது, பயந்து எதையும் அழுத்தவில்லை. இப்போது ட்ரைவர் ஏறவில்லை.

அது வைரஸ் இல்லை. செக்யூர் பூட் போட்டிருக்கும் கணினியில் கையொப்பம் இல்லாத ட்ரைவரைக் கெர்னல் ஏற்றாது. உங்கள் கணினியே ஒரு சாவி உண்டாக்கி ட்ரைவருக்குக் கையொப்பம் போடுகிறது, அந்தச் சாவியை நம்பலாமா என்று கேட்கத்தான் அந்த நீலத் திரை. பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் அது தன்பாட்டுக்குப் போய்விடும். அழுத்தினால் என்ரோல் மோக், பிறகு கன்டினியூ, பிறகு யெஸ், பிறகு நீங்கள் கொடுத்த அதே பாஸ்வேர்ட்.

தவறவிட்டவர்கள் சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பொலிசி, இடைவெளி, இரண்டு கழித்தல் குறி, என்ரோல்-கீ என்று அடித்தால் மறுபடி பாஸ்வேர்ட் கேட்டு அடுத்த ரீஸ்டார்ட்டில் அந்தத் திரையைக் காட்டும். கணினிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். பயோஸில் செக்யூர் பூட்டையே நிறுத்துவதும் ஒரு வழி, விண்டோஸும் அதே கணினியில் இருந்தால் நான் அதைச் சொல்லமாட்டேன்.

ட்ரைவர் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது திறந்தால் கறுப்புத் திரைதான்.

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். வெளியூர்க்காரர் எழுதிய வழிகாட்டிகளில் இது இருக்காது, இங்கே மழைக்காலத்தில் இடி இடித்தாலே கரண்ட் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

என்ன நடந்திருக்கும் என்றால், பொதிகள் பாதி விரிக்கப்பட்டு நின்றிருக்கும், கெர்னலுக்கான ட்ரைவர் கட்டுமானம் பாதியில் அறுந்திருக்கும், தொடக்கக் கோப்பு அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும். சேதம் பெரும்பாலும் புதிய கெர்னலுக்குத்தான், பழையது அப்படியே இருக்கும். ஆகவே கணினி தொடங்கும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள், புதிய கணினி என்றால் எஸ்கேப்பை ஒரு தட்டுத் தட்டுங்கள், கிரப் பட்டியல் வரும். அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் உள்ளே போய்ப் பழைய கெர்னலைத் தெரிவு செய்யுங்கள். அதுவும் வராவிட்டால் அதே பட்டியலில் ரிக்கவரி மோட், அதில் ரூட் ஷெல்.

உள்ளே வந்ததும் இந்த வரிசையில்: சூடோ டி-பி-கே-ஜி, இடைவெளி, இரண்டு கழித்தல், கொன்ஃபிகர் முழுச்சொல், இடைவெளி, கழித்தல் ஏ. இது பாதியில் நின்றதைத் தொடரும். பிறகு சூடோ ஏ-பி-டி இன்ஸ்டோல் கழித்தல் எஃப். இறக்கிய கோப்பே உடைந்திருக்கிறது என்று முறைப்பாடு செய்தால் சூடோ ஏ-பி-டி கிளீன் அடித்துவிட்டு மறுபடி. அப்புறம் சூடோ டி-கே-எம்-எஸ் ஓட்டோஇன்ஸ்டோல், கடைசியாக சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கழித்தல் யூ கழித்தல் கே ஓல். ரிக்கவரி ஷெல்லில் இருந்தால் சூடோ தேவையில்லை, ஆனால் இவற்றுக்கு முன்னால் மவுன்ட் கழித்தல் ஓ ரிமவுன்ட், காற்புள்ளி, ஆர்-டபிள்யூ, இடைவெளி, சாய்கோடு என்று அடித்து வட்டை எழுதக்கூடியதாக்க வேண்டும்.

கணினி திறந்து டெஸ்க்டொப்பும் வந்து, ஆனால் எஃபெக்ட் மட்டும் கோணல்மாணலாக இருந்தால் உங்கள் வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் கேச் கோப்புறைக்குள் மெசா ஷேடர் கேச் என்று தொடங்கும் கோப்புறையை அழியுங்கள். திடீரென்று கரண்ட் போகும்போது அது கெடுவதுண்டு. அழித்தால் நட்டமில்லை, தானாக மறுபடி உண்டாகும்.

இனி வராமல் இருக்க: இறக்குவதையும் நிறுவுவதையும் பிரியுங்கள். சூடோ ஏ-பி-டி ஃபுல்-அப்கிரேட், இடைவெளி, கழித்தல் டி. இது கோப்புகளை இறக்கி வைப்பதோடு நின்றுவிடும், அதற்குள் கரண்ட் போனாலும் ஒன்றும் கெடாது. இரவு டேட்டாவில் இதைச் செய்துவிட்டு, காலையில் கரண்ட் ஒழுங்காக நிற்கும் நேரம் பார்த்துக் கழித்தல் டி இல்லாமல் அதே கட்டளையை அடித்தால் நிறுவல் மட்டும்தான் மிச்சம். யூபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது, ட்ரைவர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு ஸ்னப்ஷொட் எடுத்து வையுங்கள்.

கரண்ட் ஒன்றும் போகவில்லை. என்விடியா ட்ரைவர் போட்டேன், கறுப்புத் திரை.

கன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் பாதிக் கவலை போயிற்று. உங்கள் பெயர், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போய் சூடோ ஏ-பி-டி பேர்ஜ், இடைவெளி, ஒற்றை மேற்கோள், என்விடியா, கழித்தல் குறி, நட்சத்திரக் குறி, ஒற்றை மேற்கோள். ஈ-டி-சிக்குள் எக்ஸ்11 (எக்ஸ் பெரிய எழுத்து) என்ற கோப்புறையில் பழைய எக்ஸ்ஓஆர்ஜி, புள்ளி, கொன்ஃப் என்ற கோப்பு ஏதும் இருந்தால் பெயரை மாற்றி வையுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் நூவோவுடன் திறக்கும். பிறகு ட்ரைவர் மேனேஜரில் ஒரு படி பழைய பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

கெர்னல் அப்டேட் வந்த பிறகுதான் பிரச்சினை தொடங்கியது.

அந்தக் கெர்னலுக்கு ட்ரைவர் கட்டப்படவில்லை. டி-கே-எம்-எஸ் ஸ்டேட்டஸ் அடித்தால் எந்தக் கெர்னலுக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். புதிய கெர்னலின் ஹெடர்ஸ் பொதி இல்லாததுதான் பெரும்பாலும் காரணம், அதைப் போட்டுவிட்டு மேலே சொன்ன ஓட்டோஇன்ஸ்டோல் கட்டளையை அடியுங்கள். 470 மாதிரிக் கைவிடப்பட்ட ட்ரைவர் என்றால் ஒரு கட்டத்தில் புதிய கெர்னலுக்குக் கட்டவே ஏலாது, பழைய கெர்னலோடு இருங்கள் அல்லது நூவோவுக்கு மாறுங்கள்.

இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் எந்த ட்ரைவர் இறக்க வேண்டும்?

ஒன்றும் இல்லை. கெர்னலிலும் மெசாவிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஏஎம்டிக்கு முன்பு எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் என்று ஒரு மூடிய ட்ரைவர் இருந்தது, உபுண்டு 2016 இல் 16.04 பதிப்போடு அதை விட்டுவிட்டது. இன்னும் அதைப் போடச்சொல்லும் பழைய குறிப்புகளை வாசித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்டெல் சிப்புக்கு ஒரு மலிவான வைத்தியம் உண்டு: அது கணினியின் ரேமைத்தான் பங்கு போடுகிறது, ஒரே குச்சிக்குப் பதிலாக ஒரே அளவில் இரண்டு குச்சி போட்டால் எஃபெக்ட்டின் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். பழைய கார்ட் வாங்கும் காசுக்கு நான் ரேமைத்தான் சொல்லுவேன்.

சின்ன நெட்புக், அட்டம் ப்ரொசெசர். எஃபெக்ட் வருமா?

ஜிஎம்ஏ 500 அல்லது 3600 என்று இருந்தால் வராது. பெயர் இன்டெல் என்றாலும் உள்ளே இருப்பது பவர்விஆர் சிப், அதற்கு முப்பரிமாணத் திறந்த ட்ரைவர் இல்லை. எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் கம்பொசிட்டரை நிறுத்திவிட்டுப் பாவியுங்கள்.

பிரான்ஸிலிருந்து சித்தப்பா தந்த லப்டொப். கிரப்பில் நீங்கள் சொன்ன நோமோட்செட்டை அடித்தால் வேறு ஏதோ எழுத்து வருகிறது.

பிரெஞ்சுக் கீபோர்ட். கிரப் திரை அமெரிக்கக் கீபோர்ட் என்று நினைத்துத்தான் எழுத்தை எடுக்கும். எம் வேண்டுமென்றால் என் எழுத்துக்கு வலப்பக்கத்தில் காற்புள்ளி போட்டிருக்கும் பட்டனை அழுத்துங்கள். ஏ வேண்டுமென்றால் கியூ பட்டன். சுவிஸ், ஜெர்மன் லப்டொப்களில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். இவ்வளவும் கிரப்புக்கு மட்டும்தான், உள்ளே போன பிறகு கீபோர்ட் செட்டிங்ஸில் சரியான மொழியைத் தெரிவு செய்யலாம்.

இப்படி வரும் லப்டொப்களில் இன்டெல், என்விடியா இரண்டும் சேர்ந்தே இருப்பதும் அதிகம். அதில் டெஸ்க்டொப்பை இன்டெலே வரையட்டும், எஃபெக்ட்டுக்கு அது போதும், மின்கலமும் நிற்கும். சூடோ ப்ரைம்-செலெக்ட், இடைவெளி, ஒன்-டிமான்ட். விளையாட்டையோ வீடியோ எடிட்டரையோ என்விடியாவில் திறக்கும்படி சொன்னால் மட்டும் அது எழும்பும்.

விண்டோவை நகர்த்தினால், வீடியோ பார்த்தால் நடுவில் ஒரு கோடு கிழிகிறது.

இது வேகப் பிரச்சினை இல்லை, திரையும் வரைபவரும் ஒத்து ஓடாததால் வருவது. எக்ஸ்எஃப்சிஇ என்றால் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பொசிட்டர் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், யாரோ 'கணினி வேகமாகும்' என்று நிறுத்திவிட்டிருப்பார்கள். என்விடியா என்றால் அதன் செட்டிங்ஸ் மென்பொருளில் ஃபோர்ஸ் ஃபுல் கம்பொசிஷன் பைப்லைன் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பழைய எக்ஸ்11க்குப் பதிலாக வந்த வேலாண்ட் என்ற திரை முறையில் இந்தக் கோடு அநேகமாக வராது.

அந்தக் கனசதுரம் சுற்றும் எஃபெக்ட் எங்கே? அதைக் காட்டித்தானே எங்களை லினக்ஸுக்கு இழுத்தார்கள்!

உண்மைதான். 2006 இல் கொம்பிஸ் என்ற எஃபெக்ட் மென்பொருள் வந்தபோது உலகம் முழுக்க அதைப் பார்த்துத்தான் பலர் லினக்ஸ் பக்கம் எட்டிப்பார்த்தார்கள். இப்போதும் உண்டு. கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டொப்பில் அதை ஒருமுறை எடுத்துவிட்டு 2024 பெப்ரவரியில் வந்த 6 ஆம் பதிப்பில் மறுபடி சேர்த்தார்கள், எஃபெக்ட் பட்டியலில் கியூப் என்று இருக்கும். உபுண்டுவின் க்னோமுக்கும் சினமனுக்கும் நீட்சியாகக் கிடைக்கிறது.

கொம்பிஸ்தான் வேண்டும் என்றால் மாட்டே டெஸ்க்டொப்பில் அல்லது எக்ஸ்எஃப்சிஇயில் போடுங்கள். சினமனிலும் க்னோமிலும் போட்டுப் பார்க்காதீர்கள், அவற்றுக்குச் சொந்த வரைவான் இருக்கிறது, ஒரே திரைக்கு இரண்டு பேர் சரிவராது. வேலாண்டிலும் ஓடாது. கொம்பிஸ் போட்டதும் விண்டோவின் மேற்பட்டையும் மூடும் பட்டனும் காணாமல் போனால் அதன் செட்டிங்ஸில் விண்டோ டெகரேஷன் என்பதை மறுபடி போடுங்கள். எதுவும் சரிவராமல் பழையபடி போக வேண்டுமென்றால் ஓல்ட், எஃப் 2 அழுத்தி, மாட்டேயில் மார்கோ, இடைவெளி, இரண்டு கழித்தல், ரீப்ளேஸ். எக்ஸ்எஃப்சிஇயில் மார்கோவுக்குப் பதில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4.

பிளாஸ்மா 5 இல், ஓப்பன்ஜிஎல் முன்பு செயலிழந்தது என்று சொல்லி எஃபெக்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறது.

ஒரு தடவை விழுந்ததும் பயத்தில் நிறுத்திக்கொள்ளும். கம்பொசிட்டர் பக்கத்திலேயே மறுபடி கண்டறியும் பட்டன் இருக்கிறது, அழுத்துங்கள். மறுபடி விழுந்தால் ட்ரைவரைப் பாருங்கள், பட்டனையே அழுத்திக்கொண்டிருக்காதீர்கள்.

காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானமானால் எஃபெக்ட் இழுபடுகிறது.

சூடு. ட்ரைவரை விடுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் வீட்டுக்குள் வரும் தூசு முழுக்கக் கார்டின் விசிறிக்குள்தான் போய் நிற்கிறது. சென்சர்ஸ் என்று அடித்து வெப்பநிலையைப் பாருங்கள், எண்பது தொண்ணூறு பாகையில் நின்றால் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்து, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசை எடுங்கள், பழைய கார்ட் என்றால் சிப்பின் மேல் பூசியிருக்கும் வெப்பப் பேஸ்ட்டும் மாற்றுங்கள்.

திரையில் புள்ளி புள்ளியாக, கோடு கோடாக வருகிறது. எந்த ட்ரைவர் போட்டும் போகவில்லை.

கணினியைத் திறந்ததும் வரும் பயோஸ் திரையிலேயே அந்தக் கோடுகள் இருக்கின்றனவா? இருந்தால் கார்டோ வயரோ பழுது, அங்கே லினக்ஸ் இன்னும் வரவே இல்லை.

எங்கள் ஆய்வுகூடத்தில் பழைய கணினிகள்தான். பிள்ளைகளுக்கு எஃபெக்ட் எதற்கு? நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லைத்தானே, சேர்?

ரீச்சர், எஃபெக்ட்டை நிறுத்துங்கள், ட்ரைவரை விட்டுவிடாதீர்கள். விண்டோவுக்கு நிழல் போடும் அதே வழியால்தான் உலாவியும் பக்கங்களை வரைகிறது. எல்எல்விஎம்பைப்பில் ஓடும் கணினியில் பாட வீடியோவும் திக்கித் திக்கித்தான் ஓடும். ஃபயர்ஃபொக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, சப்போர்ட் என்று அடித்து கம்பொசிட்டிங் என்ற வரியைப் பாருங்கள், சொஃப்ட்வெயர் என்று சேர்ந்து வந்தால் அங்கேயும் ப்ரொசெசர்தான் வரைகிறது. எல்லாக் கணினியிலும் ஒரே சிப் என்றால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு அதே வழியை மற்றவற்றுக்கும் செய்யலாம்.

வைஃபை இல்லை, டேட்டாவும் குறைவு. ட்ரைவரை எப்படி இறக்குவது?

போனை யூஎஸ்பி வயரால் கணினியில் செருகி, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள், ஒரு ட்ரைவரும் இல்லாமலே லினக்ஸ் அதை இணைப்பாக எடுக்கும். என்விடியா ட்ரைவர் சில நூறு எம்பி வரும், இன்டெல், ஏஎம்டிக்கு அந்தச் செலவு இல்லை. ஒரே பதிப்பு லினக்ஸ் போட்ட இன்னொரு கணினியில் கழித்தல் டி போட்டு இறக்கி வைத்திருந்தால் அதன் வார் கோப்புறை, கேச், ஏ-பி-டி, ஆர்கைவ்ஸ் என்று போனால் டெப் கோப்புகள் இருக்கும், பென் ட்ரைவில் எடுத்து வந்து உங்கள் கணினியில் அதே இடத்தில் போட்டால் மறுபடி இறக்காது. மின்டில் சொஃப்ட்வெயர் சோர்ஸஸ் உள்ளே வேகமான சேவையகத்தைத் தெரிவு செய்யும் வசதியும் இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் சரிவரவில்லை. யாரிடம் கேட்பது, என்ன சொல்லிக் கேட்பது?

அதற்கு முன்னால் இரண்டு சோதனை. புதிதாக ஒரு பயனர் கணக்கு உண்டாக்கி அதில் நுழைந்து பாருங்கள், அங்கே எஃபெக்ட் ஓடினால் ட்ரைவர் சரி, உங்கள் வீட்டுக் கோப்புறையின் செட்டிங்ஸ்தான் கெட்டிருக்கிறது. பென் ட்ரைவிலிருந்து நேரடியாக மின்டை ஓட்டிப் பாருங்கள், அதில் ஓடினால் சிப்பும் சரி, நிறுவிய கணினியில்தான் குழப்பம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. உங்கள் ஊரில் அங்கே கணினி படிக்கும் பிள்ளை ஒருவர் இல்லாமல் இருக்காது. யாரிடம் கேட்டாலும் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் அனுப்பாதீர்கள். முதலில் சொன்ன ஐ-என்-எக்ஸ்-ஐ கட்டளையின் முழு வெளியீடு, எந்த லினக்ஸ் எந்தப் பதிப்பு, கடைசியாக எதை மாற்றினீர்கள், இடையில் கரண்ட் போனதா, இவ்வளவையும் அனுப்புங்கள். திரையைப் போட்டோ எடுத்து அனுப்புவதென்றால் எழுத்து வாசிக்கக்கூடியதாக, கிட்டப் போய் எடுங்கள்.